அதியன் அவைக்களத்து ஔவை

ஔவை என்ற பெயரைக் கேட்டதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் யார்? நரைத்த தலையும் நெற்றி நிறைய நீறும் கையில் கோலுமாக ஒரு மூதாட்டி. 1953-ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் காட்டிய உருவம் அது. நம் காலனிக் குழந்தைகள் ஆண்டுவிழா மாறுவேடப் போட்டியில் பஞ்சைத் தலையில் ஒட்டிக்கொண்டு வருவதும் அந்த உருவத்தோடுதான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடிய அந்தப் பாட்டி நம் வணக்கத்துக்கு உரியவர்; ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னே, சங்க காலத்தில், மற்றோர் ஔவை வாழ்ந்தார். போர்க்களத்தின் குருதி மணத்தையும் வேலின் வெம்மையையும் தம் பாட்டில் ஏற்றியவர் அவர். இம்மலரில் நாம் சொல்லப் புகுவது அவருடைய வரலாறு.

அவர் பாடியனவாகக் கிடைப்பவை 59 பாடல்கள். அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. 1894-இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சிட்டு வெளிப்படுத்தியிராவிடில் இந்த ஔவையைத் தமிழுலகம் அறிந்திராது. பாணர் மரபைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். யாழும் முழவும் பையில் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று, வள்ளல்களைப் பாடிப் பரிசில் பெற்ற வாழ்க்கை அவருடையது. அவ்வாறு செல்லும் வழியில் அவரைத் தன்பால் நிறுத்திக்கொண்டவன் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி. இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர்.

முதலில் அவன் பரிசில் தரக் காலம் நீட்டித்தான். வாயிலில் காத்திருந்த ஔவைக்குச் சினம் மூண்டது. வாயிற்காவலனை அழைத்து, உன் தலைவன் தன்னையும் அறியானோ, என்னையும் அறியானோ என்று கேட்டார். கோடரி ஏந்திய தச்சன் மக்களுக்குக் காட்டில் மரம் கிடையாமற் போகுமா? கலை கற்றவர்க்கும் உலகம் அத்தகையதே. எந்தத் திசையில் சென்றாலும் அங்கே சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டினார். கைத்தொழிலையும் கல்வியையும் நம்பி ஊரைவிட்டு வந்து, மெட்ரோ ரயில் தலைக்குமேல் ஓடும் இந்தப் புசா ரோட்டுப் பகுதியில் குடியேறிய நமக்கு அந்தச் சினத்தின் பின்னுள்ள தன்னம்பிக்கை நன்றாகவே விளங்கும்.

அதியன் நீட்டித்தது அவரைப் பிரிய மனமின்றி என்பர். பின்னர் அவர்களிடையே வளர்ந்த நட்பு தமிழ் இலக்கியத்தில் தனிச்சிறப்புடையது. ஏறுதற்கரிய மலைப்பிளவில் பறித்த அரிய நெல்லிக்கனியை, அதன் பயனைச் சொல்லாமல் மறைத்து, தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த கதையை அறியாதார் இல்லை.

இனி அவருடைய போர்ப்பாட்டுகளுக்கு வருவோம். பகைவரை நோக்கி அவர் விடுத்த எச்சரிக்கைகளில் ஆரவாரச் சொற்கள் இல்லை. கண்ணால் கண்ட எளிய பொருள்களே உண்டு. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் உழைத்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எத்தகைய உறுதி வாய்ந்ததாக இருக்கும்? அத்தகையவன் அதியன். ஊர்ச் சிறுவர் ஆடிக் கலக்கும் முழங்காலளவு நீரிலும் முதலை யானையை வீழ்த்திவிடும். ஆகவே அவனை இளையவன் என்று இகழாதீர் என்கிறார். மன்றத்தில் தொங்கும் முரசின்மேல் காற்று மோதி ஒலி எழுந்தாலும், போர் வந்தது என்று மகிழ்ந்தெழுபவன் அவன். அதே அதியன், ஊர்க் குழந்தைகள் தந்தத்தைக் கழுவ ஆற்றங்கரையில் அமைதியாகக் கிடக்கும் யானையைப் போல் தம்மவர்க்கு இனியவன்.

மற்றொரு காட்சி இதனினும் கடுமையானது. அதியனுக்கு மகன் பிறந்திருக்கிறான். களத்திலிருந்து நேரே வந்து நிற்கிறான் தந்தை: கையில் வேல், காலில் கழல், உடலில் வியர்வை, கழுத்தில் ஈரம் உலராத புண். பகைவரை நோக்கிச் சிவந்த கண், பெற்ற மகனை நோக்கும்போதும் சிவப்பு மாறவில்லை. இதனைப் புகழ்ச்சியாகக் கொள்வதா, அச்சமாகக் கொள்வதா? நமக்கு இரண்டும் தோன்றுகின்றன.

காஞ்சியை ஆண்ட தொண்டைமானிடம் ஔவை தூது சென்றதும் இந்நட்பின் விளைவே. தொண்டைமான் தன் படைக்கலச் சாலையைக் காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அவை ஒளிவிட்டன. ஔவை அவற்றைப் புகழ்ந்தார். கூடவே, எம் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எந்நாளும் கொல்லன் உலைக்கூடத்திலேயே கிடக்கின்றன என்றார். பெரும்படைத் தலைவன் ஒருவன் முன் தனித்து நின்ற புலவர், குரலை உயர்த்தாமலே இதைச் சொல்லி முடித்தார். தூதின் முடிவைப் பாட்டு கூறாது நிறுத்திவிடுகிறது.

அதியன் கோவலூரை வென்றதையும், அதனைப் பரணர் பாடியதையும் ஔவை குறிப்பிடுகிறார். இது புலவர் கற்பனையோ என்று ஐயுற்றவர்க்கு 1981-இல் விடை கிடைத்தது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த பாறை கண்டறியப்பட்டது. சத்தியபுதோ என்ற பட்டத்தோடு அப்பெயர் நிற்கிறது. தில்லியில் கோட்லாவிலும் ரிட்ஜிலும் அசோகன் தூண்களைக் காண்கிறோம் அல்லவா? அந்த அசோகனுடைய பாறைக் கட்டளை ஒன்றில், சோழர் பாண்டியர் கேரளரோடு சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் இவர் மரபினரே. டேராடூனுக்கு அப்பால் கால்சியில் அப்பாறை இன்றும் நிற்கிறது.

இத்தகைய வீரப் பாட்டு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டில் சூ யுவான் பெயரால் வழங்கும் ஒன்பது பாடல்கள் என்னும் தொகுதியில், தேர்ச்சக்கரங்கள் மோதி அம்புகள் பொழியும் களத்தில் மாண்ட வீரர்க்கு ஒரு பாட்டு உண்டு. தலை துண்டான பின்னும் அவர் நெஞ்சம் வளையவில்லை என்பது அதன் கருத்து. ஆயின் ஓராயிரம் ஆண்டு கழித்துப் பாடிய தூ ஃபூ, படைக்கு இழுத்துச் செல்லப்படும் மைந்தரின் ஆடையைப் பற்றி அழும் பெற்றோரைக் காட்டினார். ஆண்மகவைப் பெறுவதே தீது என்று அங்கே எண்ணுகிறார்கள். நம் ஔவை காட்டும் தாய் வேறு. பகைப்படையைப் பிளந்து சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும், அம்முதியவளின் வற்றிய முலை மீண்டும் பால் சுரக்கிறது. பெருமிதமா அது, துயரமா? எல்லைக்கு மகனை அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் தாய்மார் நம்மிடையேயும் உள்ளனர். அவர்கள் நம்மைவிட நன்றாக விடை கூறுவர்.

சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்தான். முரசு கட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாருக்குக் கவரி வீசிய அதே சேரமான்தான் இவன். புலவரைப் போற்றியவன் கையாலேயே ஔவையின் புகலிடம் அழிந்தது. அப்போரிலேயே அதியன் மாண்டான் என்பது பலர் கொள்கை.

அதன்பின் ஔவை பாடியவற்றில் வீர முழக்கம் இல்லை. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்குத் தருவான், மிகுதியாகக் கிடைத்தால் யாம் பாடத் தானும் உண்டு மகிழ்வான் என்று சின்னஞ்சிறு நினைவுகளை எண்ணுகிறார். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர் கையிலுள்ள மண்டையையும் இரப்போர் கையையும் துளைத்து, புலவர் நாவில் சென்று வீழ்ந்தது என்கிறார். குளிர்நீர்த் துறையில் பூத்தும் எவராலும் சூடப்பெறாத பகன்றை மலர் போல, பிறர்க்கு ஒன்றும் ஈயாமலே மாய்ந்து போகும் உயிர்கள் எத்தனை என்று எண்ணுகிறார். காலையும் மாலையும் இனி இல்லாது போகட்டும் என்கிறார்.

அதியனுக்கு நடுகல் நட்டார்கள். அதற்குப் பீலி சூட்டி, சிறிய கலத்தில் வடித்த கள்ளைப் படைத்தார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத அவன் இதனைக் கொள்வானோ என்று ஔவை அக்கல்லின் முன் நின்று கேட்டார்.