மூலிகைக்கு வாதாடிய டாக்டர்

ஊரூர் ஒல்காட் குப்பத்தை அடுத்து இருக்கிறது அடையாறு பிரம்மஞான சபை. அதன் நூல்நிலையத் தலைவராக விளங்கியவர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. அவர் சட்டம் படித்தவர். ஆங்கில வைத்தியமும் கற்றுத் தேர்ந்தவர்.

அந்நாளில் நாட்டு வைத்தியத்தை விஞ்ஞானம் அல்ல என்று பலர் ஒதுக்கினர். வலிக்கு நொச்சியையும் வீக்கத்துக்கு மஞ்சளையும் நம்பிய ஏழைகளின் கதி என்ன?

1921-ல் சென்னை அரசாங்கம் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. அதன் காரியதரிசி சீனிவாசமூர்த்தி. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றும் விஞ்ஞானமே என்று அவர் வாதாடினார். 1923-ல் அறிக்கை வெளிவந்தது. பிறகு சென்னையில் அரசாங்க இந்திய வைத்தியப் பள்ளி தோன்றியது. அதன் முதல் பிரின்சிபாலும் அவரே!

இன்று மஞ்சளில் உள்ள குர்குமினை உலகமே ஆராய்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் உள்ள மத்திய ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.