வாயில்லா உயிர்களுக்காக வாதாடியவர்

நுழையும்முன்

மாணவர்களே! திருப்பதியில் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சித்தூர்ப் பகுதியில் கறவை மாடுகளை நம்பி வாழும் குடும்பங்கள் பல. நோயுற்ற பசுவோடும் அடிபட்ட நாயோடும் மருத்துவரை நாடி வருவோரை நாம் காண்கிறோம். அவ்வாறு வருபவரிடம் மருந்து வாங்கப் பணம் இல்லையெனில் அவ்வுயிரின் நிலை என்னவாகும்? இவ்வினாவுக்கு விடை காண உழைத்தவர்களுள் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் கற்போம்.

இளமையும் கலையும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொறியாளர், தாய் சேஷம்மாள். தந்தையார் பிரம்மஞான சபையில் பற்றுடையவர். பணி ஓய்வுக்குப் பின் குடும்பத்துடன் சென்னை அடையாற்றில் குடியேறினார். அச்சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரே, அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1915ஆம் ஆண்டு கல்லூரி நிறுவியவர். அவருடைய சிந்தனைகள் ருக்மிணியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

1920ஆம் ஆண்டு ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தார். அக்காலச் சமூகம் இத்திருமணத்தைக் கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்புக்கு அவர் அஞ்சவில்லை. 1935ஆம் ஆண்டு அடையாற்றில் மேடையேறி ஆடியபோதும் எதிர்ப்பு எழுந்தது. அப்போதும் அவர் தளரவில்லை. மறு ஆண்டில் அவர் நிறுவிய கலைக்கூடமே பின்னர்க் கலாக்ஷேத்திரா எனப் புகழ்பெற்றது. பரதநாட்டியத்திற்கு அவர் ஆற்றிய தொண்டை உலகம் அறியும். உயிர்களுக்கு அவர் ஆற்றிய தொண்டை அறிந்தவர் சிலரே.

மன்றத்தில் ஒலித்த குரல்

1952ஆம் ஆண்டு ருக்மிணி தேவி மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். விலங்குகளைக் காக்க அந்நாளில் இருந்தது ஆங்கிலேயர் 1890ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம். அது போதாது என்று அவர் கருதினார். சுமை வண்டியிழுக்கும் மாடும், ஆய்வுக்கூடத்துக் குரங்கும், வீட்டு நாயும் தம் துன்பத்தைச் சொல்ல இயலாதவை. அவற்றின் சார்பில் 1953ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராக அவர் கொண்டுவந்தார்.

பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதன் நோக்கத்தைப் பாராட்டினார். எனினும் மசோதாவைத் திரும்பப் பெறுமாறும், அரசே குழு அமைத்து ஆராய்ந்து முழுமையான சட்டம் கொண்டுவரும் என்றும் கூறினார். ருக்மிணி தேவிக்கு இது எளிய முடிவன்று. திரும்பப் பெற்றால், அரும்பாடுபட்டு உருவாக்கிய மசோதா அத்துடன் மறக்கப்படலாம். பிடிவாதம் செய்தால், அரசின் துணையை இழக்க நேரலாம். தம் பெயர் நிலைப்பதைவிடச் சட்டம் நிலைப்பதே முதன்மை என எண்ணி, அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன்பின் ஆண்டுகள் பல காத்திருந்தார். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

அறத்திற்கு ஒரு நிதி

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் நாம் போற்றுகிறோம். வள்ளல் வாழும் காலத்தில் உதவி கிடைக்கும், அவருக்குப் பின்? இரக்கம் நாள்தோறும் பயன்தர வேண்டுமெனில், அதற்கு நிலையான நிதியும் அதனை நேர்மையாகக் கையாளும் அமைப்பும் வேண்டும். புதிய சட்டம் அதற்கு வழிசெய்தது.

இச்சட்டத்தின்படி 1962ஆம் ஆண்டு இந்திய விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. ருக்மிணி தேவியே அதன் முதல் தலைவர். அரசு தரும் மானியத்தோடு, உள்ளாட்சி அமைப்புகளும் பொதுமக்களும் வழங்கும் நன்கொடை, சந்தா, உயில்வழிக் கொடை ஆகியனவும் வாரியத்தின் நிதியாகும். அந்நிதியிலிருந்து விலங்கு மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் பொருளுதவி வழங்கலாம். உயிர்களை வதைத்தவர் செலுத்தும் அபராதத் தொகையைக் கால்நடை மருத்துவமனைகளின் பராமரிப்புக்குப் பயன்படுத்தவும் சட்டத்தில் இடமுண்டு.

வதைக்கு உள்ளான விலங்கை நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பினால், செலவை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது விதி. அவர் வறியவர் எனக் கண்டு நடுவர் ஆணையிட்டால், சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. உரியவரின் வறுமை உயிரின் நோய்க்குத் தடையாகலாகாது என்னும் அறம் இவ்விதியில் அடங்கியுள்ளது. போதிய உணவு தராமையும் தக்க காரணமின்றி வளர்ப்பு விலங்கைக் கைவிடுதலும் குற்றங்களே.

1977ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோது, ருக்மிணி தேவி அதனை ஏற்கவில்லை. கலைப்பணியும் உயிர்நலப் பணியுமே தமக்குப் போதும் என வாழ்ந்தவர், 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் மறைந்தார்.

மாணவர்களே! உண்டியலில் நீங்கள் இடும் பத்து ரூபாயும் அறமே. யார் தந்தது, எதற்குச் செலவாயிற்று, எவ்வளவு எஞ்சியது என்று எழுதிவைத்தலும் அறமே. கணக்குத் தெளிவாக இருந்தால் கொடுத்தவர் மீண்டும் கொடுப்பார். அடுத்து வரும் உயிருக்கும் மருந்து கிடைக்கும்.

சொற்பொருள்

வறியவர் – ஏழை
மானியம் – அரசு தரும் நிதியுதவி
உயில்வழிக் கொடை – ஒருவர் தம் இறப்புக்குப்பின் சேருமாறு எழுதிவைக்கும் செல்வம்
நடுவர் – நீதி வழங்கும் அலுவலர்

பயிற்சி

1. ருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றது ஏன்?
2. விலங்குகள் நல வாரியத்திற்கு நிதி வரும் வழிகள் யாவை?
3. பேகனின் கொடைக்கும் வாரியத்தின் உதவிக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.
4. செயல்பாடு: ஒரு வகுப்பில் 32 மாணவர்கள் தலா ₹20 திரட்டினர். அடிபட்ட நாய்க்குட்டிக்கு மருந்து ₹385, கட்டுத்துணி ₹90 செலவாயின. வரவு, செலவு, இருப்பு எனக் கணக்கேடு எழுதுக. எஞ்சிய தொகையை என்ன செய்யலாம் எனக் குழுவில் கலந்துரையாடுக.