ஹென்றி டுனாந்து சரித்திரச் சுருக்கம்

பரோபகாரத்தின் பொருட்டுச் சபைகள் நாடோறும் தோன்றுகின்றன. அவற்றுட் பல, தொடங்கினோரது ஊக்கங் குன்றியபொழுது தாமுங் குன்றி, அவர் மறைந்தபொழுது தாமும் மறைகின்றன. ஒருவருள்ளத்தெழுந்த இரக்கம் பலராலும் பேணப்படுந் தருமமாய் நிலைபெறுமாறு எங்ஙனம் என்பதை அறிதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட ஹென்றி டுனாந்து என்பவரது சரித்திரம் பெரிதும் உதவுமாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தாம்.

இவர் சுவிற்சர்லாந்து தேசத்து ஜெனீவா நகரிலே 1828 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் திகதி பிறந்தார். பெற்றோர் தருமசிந்தையுடையோர். இவரும் இளமையிலேயே வறியோரையும் நோயாளரையும் தேடிச்சென்று உதவும் வழக்கமுடையராயினார். 1852 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் நிறுவப்பட்டபோது முன்னின்றார். 1855 ஆம் ஆண்டிற் பல தேசத்து வாலிபர் சங்கங்களும் பாரிஸ் நகரிலே ஒன்றுகூடி ஒரு பொதுநெறி வகுத்தற்கும் உழைத்தார். இடத்தால் வேறுபட்ட சங்கங்கள் தொடர்பால் ஒன்றையொன்று தாங்கலாம் என்னும் அறிவு இவர்க்கு இப்பழக்கத்தாற் கிடைத்ததெனலாம்.

பின்னர் அல்ஜீரியாவிலே தானியமரைக்கும் ஆலைத்தொழில் தொடங்கினார். அதற்கு வேண்டிய நீருரிமை எளிதிற் கிடையாமையால், பிரான்சிய சக்கரவர்த்தியாகிய மூன்றாம் நெப்போலியனை நேரிற் கண்டு விண்ணப்பஞ்செய்யக் கருதி, அவர் போர்செய்துகொண்டிருந்த வட இத்தாலிக்குச் சென்றார். 1859 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24 ஆந் திகதி சோல்பெரினோவிலே பெரும்போர் நிகழ்ந்தது. இறந்தோரும் புண்பட்டோரும் ஏறக்குறைய 40,000 பேராவர். அயலிலுள்ள காஸ்திலியோனே என்னுஞ் சிற்றூரின் கோயில்களும் வீடுகளும் வீதிகளும் புண்பட்டோரால் நிறைந்தன. டுனாந்து வந்த காரியத்தை மறந்தார். ஊர்ப்பெண்களைத் திரட்டி, நண்பர் பகைவர் என்னும் வேறுபாடின்றி யாவர்க்கும் நீருங் கஞ்சியும் ஊட்டுவித்துப் புண்களைக் கட்டுவித்தார். தமது வண்டிக்காரனைப் பிரெஷியா நகருக்கு அனுப்பி வேண்டும் பொருள்களை வாங்குவித்தார்.

அங்கே இவர் கண்டது துன்பம் மாத்திரமன்று. உதவ விரும்பினோர் பலர்; உதவும் முறை பயின்றோர் மிகச் சிலர். முதனாட்களில் மிக்கிருந்த ஊக்கமும் நாட்செல்லத் தளர்ந்தது. இரக்கம் இருந்தும் ஆயத்தம் இன்மையாற் பிழைக்கத்தக்கோரும் இறந்தனர். இதுவே இவர் நெஞ்சை வருத்திய செய்தியாம்.

ஆதலின் 1862 ஆம் ஆண்டிலே சோல்பெரினோ நினைவு என்னும் நூலை எழுதி, தமது செலவிலே 1,600 பிரதிகள் அச்சிட்டு, ஐரோப்பாவின் அரசர் முதலியோர்க்கு அனுப்பினார். அந்நூலில் இவர் வேண்டியவை இரண்டு. போரில்லாத காலத்திலேயே ஒவ்வொரு தேசத்திலும் தொண்டர் சபைகளை அமைத்துப் பயிற்றிவைத்தல் ஒன்று. அச்சபைகளின் தொண்டுக்குக் காவலாக அரசுகள் தம்முள் ஓருடன்படிக்கை செய்தல் மற்றொன்று.

இதனைச் செயலாக்கியவர் குஸ்தாவ் முவானியே என்னும் நியாயசாஸ்திரி. அவர் ஜெனீவாவின் பொதுநலச் சபைக்கு அக்கிராசனராயிருந்தமையால், 1863 ஆம் ஆண்டு பெப்ருவரி 9 ஆந் திகதி இவ்விஷயத்தைச் சபை ஆலோசனைக்குக் கொண்டுவந்தார். டூபூர் என்னும் சேனாதிபதியும், அப்பியா, மோனுவார் என்னும் வைத்தியரிருவரும், முவானியேயும், டுனாந்துமாக ஐவர் தெரியப்பட்டு, அம்மாதம் 17 ஆந் திகதி முதன்முறை கூடினர். டுனாந்து காரியதரிசியாயினார். போர், வைத்தியம், சட்டம் என்னும் மூன்றும் அறிந்தோர் ஒருங்கிருந்தமை அச்சிறு சபையின் பலமாகும்.

முவானியே ஒவ்வோரடியையும் அளந்து வைப்பவர். டுனாந்து நெடுந்தூரம் பாய்பவர். அவ்வாண்டிலே பெர்லின் நகருக்குச் சென்ற டுனாந்து, உடன்சபையாரைக் கேளாமலே, புண்பட்டோர்க்கு உதவும் வைத்தியர் இருபக்கத்தாராலும் நடுநிலையினராக மதிக்கப்படல்வேண்டும் என்று பிரசாரஞ் செய்தார். அது கைகூடாதென முவானியே வருந்தினார். ஆயினும் ஒக்டோபர் மாதத்தில் ஜெனீவாவிற் கூடிய மகாநாடு அக்கருத்தையே தழுவிற்று. தேசத்துக்கொரு சபை, அரசோடு தொடர்பு, சமாதான காலப் பயிற்சி, பொருட்சேமிப்பு, வெண்ணிறக் கைப்பட்டையிற் செஞ்சிலுவை ஆகிய விதிகளும் அங்கே வகுக்கப்பட்டன. 1864 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆந் திகதி 12 அரசுகள் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன.

பொதுப்பணியில் மூழ்கிய டுனாந்து தமது தொழிலைக் கவனித்திலர். 1867 ஆம் ஆண்டில் அது முறிந்தது. இவரை நம்பிப் பணம் வைத்தோரும் நட்டமடைந்தனர். காரியதரிசிப் பதவியும் சபையில் இடமும் இவரை விட்டு நீங்கின. ஜெனீவாவை விட்டகன்றவர் மீண்டும் அந்நகரை மிதித்திலர். பல்லாண்டு வறுமையில் அலைந்தார். சபையோ நிலைகுலையாது வளர்ந்தது. அது இவர் செல்வத்தையேனும் பெயரையேனும் பற்றி நில்லாது, விதிகளையும் கிளைகளையும் பற்றி நின்றமையே காரணம். முவானியே 1864 முதல் 1910 இல் இறக்குங்காறும் அக்கிராசனராயிருந்து அதனைக் காத்தார். எனினும் வித்திட்டவரைச் சபை நெடுங்காலம் மறந்திருந்தது அதற்கு அழகன்றென்பதே எம் கருத்து.

ஹைடன் என்னும் மலையூரின் வைத்தியசாலையிலே ஒதுங்கியிருந்த டுனாந்தை 1895 ஆம் ஆண்டிலே ஒரு பத்திரிகையாளர் கண்டெழுதியதால் உலகம் மறுபடி அறிந்தது. 1901 ஆம் ஆண்டு முதன்முதல் வழங்கப்பட்ட நோபெல் சமாதானப் பரிசு இவர்க்கும் பிரெதெரிக் பாசி என்பவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பணத்தைத் தம் சுகத்துக்குச் செலவிடாது, வறிய நோயாளர்க்கு அவ்வூர் வைத்தியசாலையில் ஓரிலவசப் படுக்கைக்கும் தருமச் சபைகளுக்குமாக விட்டு, 1910 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி தேகவியோகமாயினார்.

பாடசாலைகளிலும் ஊர்களிலும் சங்கம் நடத்தும் ஆசிரியர்களே! இச்சரித்திரம் நமக்குணர்த்துவன யாவை? இடர் வருமுன் தொண்டரைப் பயிற்றுக. தம்மின் வேறான குணமுடையாரையும் சபையிற் சேர்க்க. விதியும் கணக்கும் எழுத்தில் வைக்க. தாம் இல்லாத நாளிலும் நடக்குமாறு பிறர்கையிற் பொறுப்பை முன்னரே பகிர்ந்து கொடுக்க. இவை செய்து, தொடங்கிவைத்தோரையும் நன்றியோடு போற்றுஞ் சபை நெடிது வாழும்.