தஞ்சாவூர் பாலசரசுவதி: ஆடலுக்குள் இசை வளர்ந்த வரலாறு

பரதநாட்டிய வரலாற்றில் தஞ்சாவூர் பாலசரசுவதியின் (1918–1984) பெயர் பெரும்பாலும் அபிநயத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. அவருடைய ஆடலில் இசையுணர்வு மேலோங்கி நின்றதை எடுத்துரைப்போரும் அதனைக் குலவழிச் சொத்தாகக் கொண்டு அமைந்துவிடுகின்றனர். வீணை தனம்மாளின் பேர்த்திக்கு இசை வாராதிருக்குமோ என்னும் எண்ணமே இதன் அடிப்படை. ஆயின் அவர்தம் வாழ்க்கையைக் காலமுறைப்படி நோக்குமிடத்து, அவ்விசையுணர்வு பயிற்சியாலும் இழப்பாலும் சிறிது சிறிதாக உருவானது என்பது புலப்படும்.

பாலசரசுவதி 1918 மே 13ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் முன்னோருள் ஒருவரான பாப்பம்மாள் தஞ்சை அரசவையில் இசையும் ஆடலும் வல்லவராக விளங்கியவர். எனினும் தனம்மாளின் (1867–1938) மகளிர் எவரும் ஆடலை மேற்கொள்ளவில்லை, பாட்டோடு நின்றனர். தேவதாசி மரபினரின் ஆடலைச் சமூகம் இழிவாக நோக்கத் தொடங்கிய காலம் அது. அந்நிலையில் தாய் ஜெயம்மாள் தம் மகளை ஆட விடுத்தது துணிவான செயலாகும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாளின் ஆடலே சிறுமிக்கு முதல் தூண்டுதலாயிற்று.

ஜார்ஜ் டவுன் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் தனம்மாள் வீணை வாசிப்பார். ஒலி மிக மெலிது. அசையாது அமர்ந்து செவிமடுப்போர்க்கே அது எட்டும். ஆடக் கற்பதற்கு முன்பே அசையாமல் கேட்கக் கற்றது அவருக்கு வாய்த்த முதற்பாடம் எனலாம். தனம்மாள் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் பயின்றவர். பாலசரசுவதியின் நட்டுவனார் கந்தப்ப பிள்ளையோ தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். அந்நால்வரும் தீட்சிதரின் மாணாக்கர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் 1835இல் மறைந்த ஒருவரின் இசை, இல்லத்தின் வழியாகவும் ஆசிரியரின் வழியாகவும் இருகிளையாய்ப் பிரிந்து வந்து, சென்னையில் ஒரு சிறுமியிடம் மீண்டும் கூடியது.

கந்தப்ப பிள்ளையின் பயிற்சி கடுமையானது. அடவுகளை மூன்று காலங்களிலும் பிசகின்றி ஆட வேண்டும். சொற்கட்டை வாயாற் சொல்லவும் வேண்டும். காலப்பிரமாணம் தளர்ந்தால் மன்னிப்பில்லை. 1925இல், ஏழாம் வயதில், காஞ்சிபுரத்து அம்மன் கோயில் ஒன்றில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. 1934இல் கல்கத்தாவில் ஆடினார். தென்னகத்திற்கு வெளியே அதுவே முதல் மேடை.

மேலைநாட்டு பாலே ஆடலோடு ஒப்பிடின் இப்பயிற்சியின் தன்மை மேலும் விளங்கும். பாலே ஆடுநர் மேடையில் வாய் திறப்பதில்லை. இசைக்குழு எழுப்பும் இசையை உடலால் ஏற்றுக்கொள்கிறார். பியானோவை முறையாகக் கற்ற ஜார்ஜ் பாலன்சின் போன்ற ஆடலமைப்பாளர் அவ்விசையை ஆடுநரின் உடலில் நுணுக்கமாகப் பொருத்தினர். பாலசரசுவதியின் மரபில் ஆடுபவரே பாடுபவர். பாடத் தெரியாத பதத்தை ஆடுவது அங்கு எண்ணிப் பார்க்கவியலாத ஒன்று. பாலேயை கிளியோ நோர்டியிடம் பயின்று, பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்ற ருக்மிணி தேவியின் பாதை இதற்கு நேர்மாறானது. சிருங்காரம் குறித்து இவ்விருவரிடையே நிலவிய கருத்து வேறுபாடு நன்கறியப்பட்டது. இசையை அணுகிய முறையிலும் அவர்கள் வேறுபட்டனர் என்பது அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

1938இல் தனம்மாள் மறைந்தார். உதயசங்கரின் அல்மோரா மையத்திற்குச் சென்றிருந்த கந்தப்ப பிள்ளை 1941இல் காலமானார். அவ்வாண்டுகளில் நோயும் பாலசரசுவதியைப் பற்றிக்கொண்டது. இதய நலம் குன்றியதால் ஆடலையே கைவிடுமாறு மருத்துவர் அறிவுறுத்தினர். 1947இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கை அது ஒழித்தது; அதனோடு பரம்பரைக் கலைஞர்தம் மேடையும் சுருங்கிற்று. உடல், ஆசிரியர், மேடை ஆகிய மூன்றும் ஒருங்கே நழுவிய அக்காலத்தில் அவரிடம் எஞ்சியிருந்தது பாட்டு ஒன்றே.

சின்னய்ய நாயுடுவிடமும் வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியிடமும் பெற்ற அபிநயப் பயிற்சி, இப்பாட்டின்மேல் வேரூன்றியதாகும். அவருடைய பத அபிநயத்தில் ஓரடி பலமுறை திரும்பப் பாடப்படும். ஒவ்வொரு முறையும் சங்கதி மாறும். சங்கதி மாறுந்தோறும் பொருளும் மாறும். தலைவி ஒரே வினாவை முதலிற் கெஞ்சலாகவும், குரல் மேல்நிலைக்கு ஏறுமிடத்துச் சினமாகவும், இறங்குமிடத்துத் தனக்குள் நகைப்பதாகவும் காட்டுவாள். சொல் மாறுவதில்லை, இராகம் நகரும் திசையே மெய்ப்பாட்டை முடிவு செய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நாட்டியத்தோடு பொருத்திக் காண்போர் சொல்லையும் உடலையும் மட்டுமே கருதுவது வழக்கம். இடையில் நிற்கும் சுரத்தை விட்டுவிடுகின்றனர். மேடையில் ஜெயம்மாள் பாட, மகள் அப்போதைக்கப்போது அதற்கு விடையிறுப்பது ஒத்திகையில் முடிவு செய்யப்பட்ட ஒன்றன்று. தம்பியர் இருவரும், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணாக்கரான ரங்கநாதன் மிருதங்கத்திலும், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணாக்கரான விசுவநாதன் குழலிலும் தேர்ந்தவர்கள். மூவரும் ஒரே வீட்டில் ஒரே பாடாந்தரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

1953இல் சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவில் நடனப்பள்ளி ஒன்று தொடங்கப்பட, அதன் ஆசிரியரானார். 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் 1957இல் பத்மபூஷண் விருதும் வந்தன. வே. இராகவனுடன் இணைந்து எழுதிய பரதநாட்டியம் என்னும் தமிழ்நூல் 1959இல் வெளிவந்தது. 1961இல் தோக்கியோ, 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ, 1963இல் எடின்பரோ விழா என அயல்நாட்டு மேடைகள் தொடர்ந்தன. மொழியறியாத அவையினர் அவர் ஆடலில் தோய்ந்தமைக்கு முகபாவம் மட்டுமே காரணமாயிருத்தல் அரிது.

1973இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. இசைவாணர்க்கே வழங்கப்பட்டுவந்த அவ்விருதைப் பெற்ற முதல் ஆடற்கலைஞர் அவரே. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், பரதநாட்டியத்தைக் கட்புலனாகும் இசையாகவே விளக்கினார். அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிரலைக் கோயிலுக்குள் படிப்படியாகப் புகுவதற்கு ஒப்பிட்டார். அடுத்த ஆண்டு சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், கடற்கரையில் காற்று சேலையை அலைக்கழிக்க, யமுனாகல்யாணியில் அமைந்த ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் கன்னடப் பாடலை ஆடுகிறார். அகவை ஐம்பத்தெட்டை எட்டிய உடல். அதில் அசைவு குறைவு. பாடலின் நடைக்கும் கையின் நடைக்கும் இடையே மட்டும் இடைவெளி காண இயலவில்லை.

அவர் 1984 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னையில் மறைந்தார். மகள் இலட்சுமி அதே பதங்களைப் பாடக் கற்ற பின்னரே ஆடத் தொடங்கியிருந்தார்.