குயவர் கென்ஸான்

காஞ்சிமாநகருக்கு அணித்தாயுள்ள கூரம் என்னும் சிற்றூர், கூரத்தாழ்வான் பிறந்த ஊரென்பதனாலும், பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு கிடைத்த இடமென்பதனாலும் கற்றோர் பலரும் அறிந்ததாகும். அவ்வூரிற் பிறந்து வளர்ந்த எனக்கு இளமை முதலே இரண்டு தொழில்கள் கண்ணுக்குப் பழகியவை. ஒன்று காஞ்சியின் பட்டு நெசவு; மற்றொன்று சுற்றுப்புறத்துக் குயவரின் மட்பாண்டத் தொழில். நெசவாளர் ஒரு சேலையின் கரையிலே அன்னமும் மயிலும் மாங்காயும் நெய்து நிறைக்க, குயவரோ பொங்கற் பானைக்குச் செம்மண் பூசி, சுண்ணாம்பினால் இரண்டு கோடுகள் இழுத்த அளவில் அமைந்துவிடுவர். துணிக்கு எய்திய கோலம் மண்ணுக்கு எய்தாதது ஏனென்று நான் பலகால் எண்ணியதுண்டு. அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் கையாலேயே ஆராய்ந்தார்போன்ற ஒருவரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. துணி வணிகர் குடியிற் பிறந்து, குயவராய் வாழ்ந்து, துணிக்குரிய காகித அச்சினை மண்ணின்மேல் இட்டு அழகு செய்த ஜப்பானியராகிய ஒகாட்டா கென்ஸானே அவர். அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கென்ஸான் 1663ஆம் ஆண்டிலே, ஜப்பானியப் பேரரசர் வதிந்த கியோட்டோ நகரில், மூன்றாம் மகனாகப் பிறந்தார். அவர் தந்தையார் சோகென் என்பவர், காரிகானேயா என்னும் பெரிய துணிக்கடைக்கு உரியவர். அரண்மனை மகளிர் அணியும் உயர்ந்த ஆடைகள் அக்கடையினின்று சென்றன. தோஃபுக்குமோன்-இன் என்னும் பேரரசியாரே அக்கடைக்குத் தலையாய புரவலர். கலையுணர்வும் அக்குடிக்குப் புதிதன்று. எழுத்தழகிலும் தேநீர்க் கிண்ணம் வனைவதிலும் பெயர்பெற்ற கோயெட்ஸு என்பாரின் உடன்பிறந்தாள், கென்ஸானுக்குக் கொள்ளுப்பாட்டியாவாள். பின்னாளில் ஜப்பானிய ஓவியத்துக்கே ஒரு புதுவழி வகுத்த கோரின், கென்ஸானின் தமையனார், 1658இற் பிறந்தவர்.

அந்நாட்டில் ஆடைக்குப் பூவேலை பதிக்கும் முறை ஒன்றை இங்கு அறிந்துகொள்ளல் நலம். முசுக்கட்டை இனத்து மரத்தின் பட்டையாற் செய்த தாள்களை அடுக்கி ஒட்டி, நம் கடற்கரையார் வலைக்கு ஊட்டும் பனிச்சங்காய்ச் சாற்றை ஒத்த துவர்ச்சாற்றை அவற்றில் ஏற்றுவர். அதனால் தாள் தோல்போல் உரம்பெற்று, நீர் பட்டாலும் இளகாது நிற்கும். அத்தாளில் பூவும் இலையும் அலையுமாகக் கூரிய கத்தியால் துளை செய்து, துணிமேல் விரித்து, அரிசிமாப் பசையைத் துளைவழியே பூசி, பின் சாயமிடுவர். பசை பட்ட இடம் சாயமேறாது வெண்மையாய் நிற்கும். நம் வீடுகளில் துளையிட்ட அச்சின்மேல் மாவைத் தூவி வாயிலிற் கோலம் பதிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். இத்தகைய துணிகளிடையே கண் விழித்த பிள்ளைக்கு, அக்கோலங்கள் தாய்மொழிபோல் உள்ளத்திற் பதிந்தன எனின் மிகையாகாது.

1678இல் பேரரசியார் மறைந்தார். பெருநிலக் கிழார்க்குக் கொடுத்த கடன்களும் திரும்பி வரவில்லை. கடை தளர்ந்தது. 1687இல் தந்தையாரும் இறக்கவே, எஞ்சிய செல்வம் மக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. கோரின் தம் பங்கைக் களியாட்டங்களிற் செலவிட்டுக் கடனாளியானார். இளையவரோ தமக்குக் கிடைத்த வீடுகளையும் நூல்களையும் போற்றிக்கொண்டு, 1689இல் நகர்ப்புறத்தே நின்னாஜி என்னும் பௌத்தக் கோயிலின் அருகே சிறு குடில் அமைத்து, சீனக் கவிதையிலும் தியானத்திலும் காலங் கழித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. உண்ணவும் உடுக்கவும் குறைவின்றி, நூலறிவே துணையாக வாழ்நாளைப் போக்கிவிட எண்ணிய இளைஞராகவே அவர் காணப்பட்டார்.

ஆயின் அக்குடிலுக்கு அண்மையில் நின்ஸேய் என்னும் பெருங்குயவரின் சூளை இருந்தது. கென்ஸான் அங்கே சென்று மண்ணின் இயல்பையும் நெருப்பின் இயல்பையும் கற்கலானார். நூல் புரட்டிய கை மண் பிசையத் தொடங்கியது. 1699இல், தமது முப்பத்தாறாம் வயதில், நருட்டாக்கி என்னும் இடத்தில் தாமே ஒரு சூளை கட்டினார். அவ்விடம் நகருக்கு வடமேற்கில் உள்ளமையால், வடமேற்கு மலை என்று பொருள்படும் கென்ஸான் என்னும் பெயர் அவர் பாண்டங்களுக்கு முத்திரையாகி, பின்னர் அவர்க்கே பெயராயிற்று. நின்ஸேயின் மகன் ஸேயெமோனும், மாகோபெய் என்னும் மற்றொரு தொழிலாளரும் அவருக்குத் துணைநின்றனர். குயத்தொழிலின் வழிவழி வந்த நுட்பம் அவ்விருவர் கையிலும், கோலம் வகுக்கும் ஆற்றல் கென்ஸானிடத்தும் இருந்தன.

தமையனார் கோரினும் இங்கே வந்து சேர்ந்தார். தம்பி செய்வித்த சதுரத் தட்டுகளில் தமையனார் ஓவியம் எழுத, அதன் பக்கத்தே தம்பி செய்யுள் எழுதி ஒப்பமிடுவார். நீர்ப்பறவைகளை நோக்கி நிற்கும் சீனப்புலவர் ஒருவரின் உருவந் தாங்கிய தட்டொன்று டோக்கியோ தேசியக் காட்சிச்சாலையில் உள்ளது. இரும்புச் சத்துள்ள கருவண்ணத்தாற் சில கோடுகளே அதில் உள்ளன. எனினும் புலவரின் ஓய்வும் நீர்ப்பரப்பின் அமைதியும் நன்கு புலனாகின்றன. களியாட்டத்தாற் கெட்ட தமையனும், சிக்கனத்தாற் பிழைத்த தம்பியும் ஒரு தட்டின்மேல் ஒன்றுபட்ட காட்சி நினைக்கத்தக்கது.

அவ்வோவியம் முந்நூறாண்டு கடந்தும் அழியாமைக்குக் காரணம் யாது? சுட்ட பாண்டத்தின் பளபளப்பான மேற்பூச்சு உண்மையில் ஒருவகைக் கண்ணாடியே. அப்பூச்சின்மேல் இட்ட வண்ணம் நாளடைவில் கையும் கரண்டியும் பட்டுத் தேயும். பூச்சின் கீழே, மண்ணின்மேல் இட்ட வண்ணமோ கண்ணாடிக்குள் அடைபட்டுக் காவல் பெறும். ஆனால் கடுஞ்சூட்டைப் பொறுக்கும் வண்ணங்கள் சிலவே. இரும்பு கருமையும் பழுப்பும் தரும். கோபால்ட்டு நீலம் தரும். மண்ணின் கருநிறத்தை மறைக்க வெண்மண் குழம்பு வேண்டும். இம்மூன்றையும் கொண்டு கென்ஸான் தம் கோலங்கள் பலவற்றைப் படைத்தார்.

1712இல் அவர் மலைச்சாரற் சூளையை விட்டு, நகரின் நடுவே சோஜியாமாச்சி என்னும் தெருவிற் குடியேறினார். பொருள் முட்டுப்பாடே அதற்குக் காரணமென ஆராய்ச்சியாளர் கருதுவர். சொந்தச் சூளையில்லை, பிறர் சூளையிற் கூலி கொடுத்துச் சுடவேண்டும். செல்வர் ஒருவருக்கு ஒரு தட்டு என்னும் நிலை மாறி, ஐந்தைந்து உருப்படிகளாக உணவுத் தட்டுகளும் கிண்ணங்களும் செய்யவேண்டியதாயிற்று. 1716இல் கோரினும் மறைந்தார். ஒரே ஓவியத்தை ஐந்து தட்டில் ஒரே அழகோடு எழுதுதல் எப்படி? அந்நிலையிற் கைகொடுத்தது தந்தையார் கடைத் துணிகளைக் கோலஞ்செய்த வெட்டுத்தாளே.

இம்முறையைச் சிறிது விரித்துரைத்தல் தகும். காகிதத்திற் கோலத்தை வெட்டி, நீரில் நனைத்து, பாண்டத்தின்மேல் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் அழுத்துவர். இல்லையேல் காற்று தங்கிக் கோடு சிதையும். துளைகளின்வழி வெண்மண் குழம்பையோ வண்ணத்தையோ தூரிகையால் ஏற்றுவர். குழம்பு நீர்த்திருந்தால் தாளின் அடியிற் கசியும். கெட்டியாயிருந்தால் உலர்ந்தபின் உரியும். ஈரத்தின் மினுமினுப்பு அடங்கும் தருணம் பார்த்துத் தாளை எடுக்கவேண்டும். பின்னர் இலையின் நரம்பையும் பூவின் காம்பையும் தூரிகையால் எழுதிச் சேர்ப்பர். இறுதியிற் கண்ணாடிப் பூச்சுக் குழம்பில் தோய்க்கும்போது, அத்தனை உழைப்பும் பால்போன்ற வெண்திரையின் கீழ் மறைந்துபோம். சூளை திறக்கும்வரை அது பிழைத்ததோ கெட்டதோ எவரும் அறியார்.

காகிதத்தை மட்பாண்டத்துக்கு முதன்முதற் பயன்படுத்தியவர் கென்ஸான் அல்லர். சீனத்திலே ஜிஜோ என்னும் ஊர்க் குயவர், ஸுங் மன்னர் காலத்திலேயே வெட்டிய தாளைத் தேநீர்க் கிண்ணத்தின் உட்புறம் ஒட்டிப் பூவுருவம் பெற்றனர். நம் பாரதத்தின் வடமேற்கே சிந்து நாட்டுக் குயவரும், தாளில் ஊசியால் துளையிட்டு, வண்ணப்பொடி தூவி, உருவரை எடுத்துக்கொள்ளும் வழக்கம் உடையவராயிருந்தனர். கென்ஸானின் சிறப்பு வேறு. அச்சு எனின் உயிரற்ற படி எடுப்பது என்று பலர் எண்ணுவர். வெட்டுத்தாளின் நடுவே ஒரு துண்டு தனியே நில்லாது. அதனைப் பிணைக்கச் சிறு பாலங்கள் விடவேண்டும். நுண்கோடுகள் அதற்கு ஒவ்வா. வளைந்த பக்கத்தில் அது படியாது. இக்குறைகளையே அவர் ஆசிரியராகக் கொண்டார். வேண்டாதவற்றைக் களைந்து, இலையின் வடிவையும் அலையின் ஓட்டத்தையும் மட்டும் நிறுத்தினார். தட்டையான தட்டுகளை அதற்கேற்பத் தேர்ந்தார். தாளின் விளிம்பு கூர்மையாகவும், தூரிகையின் கோடு நெகிழ்ச்சியாகவும் ஒரே தட்டில் அமைந்தன. வறுமை புகுத்திய முறை அவர் கையிலே வளமாயிற்று. அரண்மனையார் ஆடையில் மலர்ந்த கோலம், நகர மாந்தரின் உணவுத் தட்டிலும் மலர்ந்தது.

எனினும் பெயர் பரவிய அளவுக்குப் பொருள் வரவில்லை. 1731ஆம் ஆண்டளவில், ஏறக்குறைய எழுபதாண்டு நெருங்கிய வயதில், கியோட்டோவின் தொழிலை வளர்ப்பு மகன் இஹாச்சியிடம் விட்டுவிட்டு, இன்று டோக்கியோ எனப்படும் ஏடோ நகருக்குச் சென்றார். இளவரசராய்ப் பிறந்து துறவு பூண்ட ஒரு மடத்தலைவரின் ஆதரவில், இரியா என்னும் பகுதியில் எளிய வாழ்க்கை நடத்தினார்.

1737இல் அவர் செய்த செயலே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. குயவரும் சாயக்காரரும் தம் கலவைகளை மகனுக்கன்றிப் பிறருக்கு உரையாத காலம் அது. எழுபத்துநான்கு வயதினராகிய கென்ஸான், மண், பூச்சு, வண்ணம் ஆகியவற்றின் அளவுகளையும் செய்முறைகளையும் ஏட்டில் எழுதிவைத்தார். அவற்றுள் நின்ஸேயிடமிருந்து வந்தவை இவை, தொழிலாளர் மாகோபெய் வழியாக வந்தவை இவை, தாமே கண்டவை இவை என்று பிரித்துக் காட்டினார். பிறர் உழைப்பைத் தம் பெயரால் மூடிவிட அவர் மனம் ஒருப்படவில்லை. ஏடு எழுதும் நம்போன்ற மாணாக்கர்க்கு இதனினும் சிறந்த பாடம் யாதுளது?

1743இல் கென்ஸான் உயிர் நீத்தார். அருகில் உறவினர் இல்லை. அடக்கச் செலவுக்கு மடத்தாரே உதவினர். கல்லறை இருந்த இடமும் மறந்துபோயிற்று. எண்பதாண்டு கழிந்தபின், கோரினின் ஓவியநெறியைப் பின்பற்றிய ஸாக்காய் ஹோயிட்ஸு என்னும் ஓவியர் அதனைத் தேடிக் கண்டு, 1823இல் நினைவுக்கல் நாட்டினார்.

கென்ஸான் என்னும் பட்டம் ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு வழிவழி வந்தது. ஆறாம் கென்ஸானிடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில் கற்றவர் பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேயர். 1919இல் ஜப்பானுக்குப் படிக்கச் சென்ற சர்தார் குருசரண்சிங், லீச்சுடன் நட்புக்கொண்டு, தாயகம் திரும்பிப் பிற்காலத்தில் டில்லியில் நீலப் பாண்டத் தொழிற்சாலை நிறுவினார். நமக்கு அணித்தாகிய புதுச்சேரியிலும் 1971இல் அமெரிக்கர் இருவர் ஒரு மட்பாண்டப் பட்டறை தொடங்கினர். அவ்விருவருள் ஒருவர் ஜப்பானிலே தொழில் பயின்றவர். இங்ஙனம் அக்கிழவரின் நாட்டுச் சூளைக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டாயிற்று.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றபோது, எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் திரிகையின் முன் அமர்ந்திருக்கக் கண்டு, கென்ஸானின் வெட்டுத்தாளைப்பற்றியும் கண்ணாடிப் பூச்சைப்பற்றியும் ஆர்வத்தோடு கூறினேன். அவர் பொறுமையோடு கேட்டிருந்து, பூச்சிட்டால் பானையில் நீர் குளிருமா என்று மட்டும் வினவினார். நான் விடையிறுக்க மாட்டாது நின்றேன். நம் பானையின் குளிர்ச்சி அதன் நுண்துளைகளாலாவது. அத்துளைகளைக் கண்ணாடியால் அடைத்தால் பானையின் பயனே கெடும். இரண்டு கோட்டோடு அவர் அமைந்ததன் காரணம் அறியாமையன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

அப்பெரியவரின் மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். எந்த ஏரி மண்ணோடு எவ்வளவு மணல் சேரவேண்டும், எத்தனை நாள் ஊறவேண்டும், சூளையின் புகை எந்நிறமாகும்போது வாயை மூடவேண்டும் என்பன அவர் நெஞ்சிலன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. புறநானூற்றிலே, கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியைப் பெரிதாக வனையும்படி குயவனை வேண்டுவதாக ஒரு பாட்டு உண்டு. அப்பாட்டைப் பொருளுணர்ந்து கற்கும் நாம், அத்தாழியை வனைந்த அறிவு நம் கண்முன்னே அவிந்துபோக விடலாமா? கென்ஸானின் வண்ணம் நம் பானைக்கு வேண்டுவதன்று; அவர் எழுதிய ஏடே நமக்கு வேண்டுவது. வரும் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அத்திரிகையின் அருகே அமர எண்ணியுள்ளேன். தத்தம் ஊரில் இவ்வாறு அமரும் நண்பர் சிலரேனும் இக்கல்லூரியில் இருப்பாராயின், இவ்வரலாற்றை எழுதிய பயன் எய்தியவனாவேன்.