நீலகண்ட சோமயாஜி

ஞாயிறு மறைந்தபின் கெங்கவல்லியின் வயல் வரப்பில் நின்று மேல்வானை நோக்கினால், சில திங்கள்களில் வெள்ளி சுடர்விட்டுத் திகழக் காணலாம். வேறு சில திங்கள்களில் அது விடியற்காலையில் கீழ்வானில் தோன்றும். ஆயினும், ஞாயிற்றை விட்டு அது நெடுந்தொலைவு விலகுவதே இல்லை. இத்தகைய கோள்களின் இயக்கத்தை நுணுகி ஆராய்ந்த பேரறிஞர் நீலகண்ட சோமயாஜி ஆவார்.

இவர் 1444ஆம் ஆண்டில், கேரளத்துத் திரூரை அடுத்த திருக்கண்டியூரில் பிறந்தார். வானியலில் வல்ல தாமோதரர் இவருக்கு ஆசிரியராக வாய்த்தார். தாமோதரரின் தந்தையாராகிய பரமேசுவரர், 55 ஆண்டுகள் வானை நோக்கிக் கிரகணங்களையும் கோள்நிலைகளையும் ஆராய்ந்தவர். கண்ணால் கண்டதற்குக் கணக்கு ஒவ்வாதாயின், கணக்கையே திருத்துதல் வேண்டும் என்பது அம்மரபினரின் கொள்கை. நீலகண்டரும் அக்கொள்கையை உறுதியாகப் பற்றினார்.

அந்நாளில் புதன், வெள்ளி ஆகியவற்றின் நிலையை அறிய வகுக்கப்பட்டிருந்த முறையில் ஒரு குறை இருந்தது. அக்கோள்களின் சொந்த நடைக்குச் செய்ய வேண்டிய திருத்தத்தை, முன்னோர் ஞாயிற்றின் நடைக்குச் செய்து வந்தனர். முன்னோர் முறையை மாற்றத் துணிவது எளிதன்று. எனினும் நீலகண்டர் 1500ஆம் ஆண்டளவில் இயற்றிய 'தந்திரசங்கிரகம்' என்னும் வடமொழி நூலில் அக்குறையைக் களைந்தார். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் ஞாயிற்றைச் சுற்றுகின்றன என்றும், ஞாயிறு புவியைச் சுற்றுகிறது என்றும் பின்னர் விளக்கினார். புவியும் ஞாயிற்றைச் சுற்றுவதே என்பதை இன்று நாம் அறிவோம். ஐரோப்பாவில் அவ்வுண்மையை எடுத்துரைத்த கோப்பர்னிக்கசின் பெருநூல் 1543இல் வெளிவந்தது. நீலகண்டர் கூறியதை ஒத்த அமைப்பினை டைக்கோ பிராகி என்பார் வெளியிட்டது 1588இல் ஆகும்.

முன்னோர் நூல்களில் குறை காண்பது தகுமோ என்று ஐயுறுவோர் எக்காலத்தும் உளர். நீலகண்டர் 'ஜோதிர்மீமாம்சை' என்னும் நூலில் இதற்கு விடை பகர்ந்தார். காலந்தோறும் வானை நோக்கிக் கணக்கைச் சரிசெய்தலே அறிஞர் கடன் என்று நிறுவினார். தமிழ்நாட்டு வானியலறிஞர் சுந்தரராஜர் தம் ஐயங்களை இவருக்கு எழுதி வினவினார். இவரும் விடை எழுதினார். மொழியும் நாடும் இவர்களின் அறிவுத் தொடர்பைத் தடுக்கவில்லை.

நீலகண்டர் ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்தார் என்பர். அவர் காலத்தில் தொலைநோக்கி இல்லை. வெறுங்கண்ணும், பொறுமையும், கணித அறிவுமே அவருக்குத் துணையாயின. முன்னோரைப் போற்றியவாறே அவர்தம் பிழையையும் திருத்தலாம் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. மாணவர்களே! மாலை வானில் வெள்ளியைக் காணும்போது இப்பெரியாரை நினைவு கூர்வீர்களாக.