சாஸ்திரியின் கார் கடன்

1904-ல் மொகல்சராயில் பிறந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. 1956-ல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று மந்திரி பதவியை விட்டாரே, அதை நம்மூரில் யாரும் மறக்கவில்லை. இன்னொரு காரியம்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1962-ல் உள்துறை மந்திரியாக இருந்தபோது, ஊழல் தடுப்புக்கு நம்மவரான கே. சந்தானம் தலைமையில் குழு அமைத்தார். அவர் பிரதமரான பின் 1964 அக்டோபரில் மந்திரிகளுக்கு நடத்தை விதிகள் வந்தன. மத்திய மந்திரிகள் சொத்து, கடன், வியாபாரத் தொடர்பு எல்லாவற்றையும் பிரதமரிடம் எழுதிக் கொடுக்கணும். பிரதமரிடம்தான், ஜனங்களிடம் இல்லை! வேட்பாளர் கணக்கு ஓட்டுப் போடுகிறவர் கண்ணில் பட்டதே 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான். சாஸ்திரி கணக்கில் ஒளிக்க என்ன இருந்தது? பியட் கார் வாங்க பஞ்சாப் நேஷனல் பாங்கில் வாங்கிய 5,000 ரூபாய் கடன். 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் அவர் கண்மூடியபோது அது தீரவில்லை. மனைவி லலிதா அம்மையார் தமக்கு வந்த பென்ஷனிலிருந்து கட்டி முடித்தார்.